சிலையாய் நின்றவர்

யுத்தம் முடிந்த கையோடு மட்டக்களப்பு நகரத்தில் சிலைகள் முளைக்கத் தொடங்கின. ஆட்கள் குறைந்துபோன ஊரைச் சீமெந்தால் நிரப்பிவிடலாம் என்று எங்கோ பெரிய இடத்தில் தீர்மானித்திருப்பார்கள் போலும். வீதிகளுக்குத் தார் ஊற்றிக் காப்பெட் போட்டார்கள். வாவிக்கரையில் கல் பதித்து இருக்கைகள் வைத்தார்கள். சந்திக்குச் சந்தி பீடம் கட்டி, மேலே ஒரு மீனையோ மனிதனையோ நிறுத்தினார்கள். நகரத்துப் பிள்ளைகள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அத்தனை சிலைகளின் முகத்தையும் கையையும் ஒன்றுவிடாமல் உற்றுப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிக்குப் போகும் வழியில் இருந்தது. அப்பா வேளாண்மை செய்தவர். ஒரு நாள் காலை, வயல்வட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு வாசர் வாங்கவேண்டும் என்று டவுனுக்குப் போனார். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. சந்தியில் ஒரு வான் வந்து நின்றதாம், யாரையோ ஏற்றினார்களாம் என்று பிறகு நிறையக் கதைகள் வந்தன. எல்லாம் ‘ஆம்’ போட்ட கதைகள். கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஒரு குருவிகூட இல்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, டவுனில் ஓட்டோ ஓடினார். அந்தச் சந்தியில்தான் அவருடைய ஓட்டோ நிற்கும். அன்றைக்கென்று பார்த்து ஓட்டமாவடிக்கு ஆள் ஏற்றி ஹயர் போய்விட்டேன் என்று அவர் சொன்னார். நான் நின்றிருந்தால் விட்டிருப்பேனா என்று எங்கள் முற்றத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். அம்மாதான் அவரைத் தேற்றினாளாம்.

காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க அடிக்கடி யாராவது வந்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஆட்கள், புதிய மேசை, பழைய கேள்வி. கொண்டுபோனதைக் கண்ட சாட்சி யாரும் உண்டா என்று கேட்பார்கள். இல்ல ஐயா, என்பாள் அம்மா. அப்படியென்றால் அவர் தானாகவே வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம்தானே என்பார்கள். பாஸ்போட் எடுக்கவே தெரியாத என் அப்பாவை அந்த மேசைகளில் இருந்தவர்கள் பல நாடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரேயொரு சாட்சி கிடைத்தால் போதும் என்பது அம்மாவின் வாயில் மந்திரமாகிவிட்டது. புருஷனைத் திருப்பிக் கொடு என்று கேட்கக்கூட அவளுக்குத் துணிவில்லாமல் போயிருந்தது. கண்டவர் ஒருவரைக் காட்டு என்றுதான் கண்ணகியம்மனிடம் நேர்ந்திருந்தாள்.

இந்த விசாரணைகளுக்கு மாமாதான் எங்களைத் தன் ஓட்டோவில் ஏற்றிப்போவார், காசு வாங்கமாட்டார். அப்போது எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கப் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் தட்டையான மிதவையில் ஓட்டோவோடு ஏறித்தான் அக்கரை சேரவேண்டும். ஒருமுறை அப்படிப் போகும்போது அம்மா முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் மாமாவும் ஓட்டோவுக்குள் இருந்தோம். எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது.

“மாமா, அப்பாவக் கொண்டுபோகக்குள்ள அப்பா அழுதவரா?”

சிறுபிள்ளையின் கேள்வியென்றால் பெரியவர்கள் காவல் இல்லாமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். மாமாவும் அப்படித்தான் சொன்னார். 

“இல்ல புள்ள. அழவும் இல்ல, சத்தம் போடவும் இல்ல. அப்பிடியே சிலையா நிண்டுட்டார்.”

சொன்னவர் சட்டென்று இறங்கிப்போய்ப் பாதையின் பின்பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தப் பேச்சில் வேறு என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. சிலை என்ற சொல் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பித்த டீச்சர் சாபத்தால் கல்லாய்ப் போனவர்களின் கதைகளை வேண்டிய அளவு சொல்லியிருந்தார். ஆகவே விஷயம் விளங்கிவிட்டது. அப்பா எங்கேயும் போகவில்லை. சிலையாக, எங்கோ ஒரு பீடத்தில் நிற்கிறார். அம்மாவும் மற்றவர்களும் தேடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மண்டபங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மா விசாரணை மண்டபத்தின் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் நான் மாமாவைச் சிலை பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தேன். மாமா மறுக்கவில்லை. அம்மா உள்ளே சாட்சி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்பதைவிட அது அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். நகரத்து வாசலில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்ற நீல மீன்கள், கரையோரத்தில் வீணையோடு இருந்த கடற்கன்னி, கைத்தடி ஊன்றிய கண்ணாடிக்காரத் தாத்தா, தாடிவைத்த துறவி, இரண்டு மாடுகளோடு ஏர் பிடிக்கும் கமக்காரன் என்று ஒன்றையும் விடவில்லை. கமக்காரனிடம் பெரிய நம்பிக்கையோடு போனேன். ஆனால் அவனுக்கு ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன.

விரல்தான் என் அடையாளம். நெல்லுச் சூடடிக்கும்போது மெஷினில் அகப்பட்டு அப்பாவின் இடதுகைச் சின்னவிரல் பாதியோடு போயிருந்தது. அந்தக் குறைவிரலால் என் கன்னத்தைக் கிள்ளுவார். முகம் மறந்துகொண்டு வந்த நாட்களிலும் அந்த விரல் மறக்கவில்லை. அதனால் எந்தச் சிலையிடம் போனாலும் முதலில் இடதுகையைத்தான் பார்ப்பேன். மாமாவோ எனக்குக் கலையில் ஈடுபாடு என்று எண்ணிக்கொண்டு, “இவள் பெரிய ஆளா வருவாள்” என்று ஓட்டோக்காரர்களிடம் பெருமை பேசினார்.

ஒருநாள் ஒரு சந்தியில் தலையோடு காலாக மஞ்சள் துணி சுற்றிய சிலை ஒன்று நின்றது. திறப்பு விழா. மேளமும் மாலைகளும் பேச்சாளர்களும் இருந்தார்கள். துணிக்குள் இருப்பது அப்பாதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இல்லாவிட்டால் ஏன் மறைக்கிறார்கள்? பேச்சுகள் முடிகிறவரை அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கயிற்றை இழுத்தார்கள். உள்ளே இருந்தவர் வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர். நான் ஓவென்று அழுதேன். சின்ன வயதிலேயே பெரியோரிடம் என்ன பக்தி என்று ஒருவர் என்னைத் தூக்கி, கையில் ஒரு பணிஸைத் தந்தார். பணிஸைத் தின்றுகொண்டே அழுதேன். அதுவரை அப்படி ஒரு வெறுமையை நான் அறிந்திருக்கவில்லை.

அப்பாவைக் கண்டது அதற்குப் பிறகுதான். வாவிக்கரையில், புதிதாகக் கட்டிய நடைபாதையின் முடிவில், வீச்சுவலையைத் தோளில் போட்டபடி ஒரு சீமெந்து மனிதன் நின்றான். சாறனை மடித்துக் கட்டியிருந்தான். இடதுகையில் சின்னவிரல் பாதிதான் இருந்தது. உடைந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி எட்டிப்பார்த்தது. யாராவது பொடியன்கள் கல்லெறிந்து உடைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா அந்தப் பக்கம் பிளேன்டி குடிக்கப் போயிருந்தார். நான் பீடத்தில் ஏறி அந்த விரலைத் தொட்டேன், வெயிலில் சூடாக இருந்தது. மாமாவிடம் மூச்சுவிடவில்லை. அம்மாதான் முதலில் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று அம்மா வழக்கம்போல் கறுத்துப்போன முகத்தோடு மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதையின் முடிவுவரை ஓடினேன். மாமா பின்னால் வந்தார்.

“அம்மா, இந்தா அப்பா நிக்கிறார். விரலப் பாருங்க.”

அம்மா விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “ஆரு புள்ள உனக்கு இப்பிடிச் சொன்ன?” என்று மெல்லக் கேட்டாள்.

“மாமாதான். கொண்டுபோகக்குள்ள அப்பா அழல்லயாம். சத்தமும் போடல்லயாம். அப்பிடியே சிலையா நிண்டவராம்.”

அம்மா திரும்பினாள். மாமா ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணும் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். அவரும் அசையவில்லை. அவரும் சிலையாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“அண்ணன், நீங்க ஓட்டமாவடிக்குப் போகல்லயா?”

மாமா கீழே குந்திவிட்டார். “ஸ்டாண்டிலதான் நிண்ட நான். என்னப் பாத்தார், தங்கச்சி. கூப்பிடல்ல. கூப்பிட்டிருந்தா என்னையும் ஏத்தியிருப்பானுகள். பாத்துக்கொண்டே நிண்டார். நான் ஓட்டோக்குள்ள குனிஞ்சிட்டன்.”

அம்மா அழவில்லை. வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது, அது கண்ணுக்கு மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த முறை நானே வந்து சொல்றன்,” என்றார் மாமா. “கண்ட நான் எண்டு சொல்றன்.”

“சொன்னா உங்களையும் கொண்டுபோவானுகள். மறுகா உங்கட வீட்டு மச்சாளும் நானும் ரெண்டு படத்தத் தூக்கிக்கொண்டு திரியிறதா?”

மாமாவோடு அம்மா பேசியது அதுதான் கடைசி. அன்று நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அதற்குப் பிறகு மாமா எங்கள் வேலியில் மரக்கறிப் பையைக் கொழுவிவிட்டுப் போவார். அம்மா அதை எடுத்துச் சமைப்பாள், எனக்குப் போட்டுத் தருவாள், தான் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு எழும்புவாள். பல வருடம் கழித்து மாமாவின் செத்த வீட்டுக்கும் என்னைத்தான் அனுப்பினாள். சிலையின் விரலைப் பிறகு யாரோ ஒட்டிச் சரிபண்ணி, மேலுக்கு வெள்ளிநிறமும் பூசிவிட்டார்கள். இப்போது அது யாருமில்லை. நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

ஆனால் மாமா உண்மை சொன்னதற்கு அடுத்து வந்த விசாரணை நாளை மட்டும் நினைவிலிருந்து என்னால் விடமுடியவில்லை. பஸ்ஸில் போனோம். வெகுநேரம் காத்திருந்து, உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் புதிய ஆள். வழக்கமான கேள்வியைக் கேட்டார். கண்ட சாட்சி யாரும் உண்டா?

அவர் பேனையை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இல்ல ஐயா,” என்றாள் அம்மா. “ஒருத்தரும் காணல்ல.”

மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து நான் அவளுடைய சேலையை இழுத்தேன். “அம்மா, மாமா...” என்று தொடங்கியதும் அவளுடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. பல்லில் உதடு நசுங்கி வலித்தது.

“புள்ளைக்குப் பசி ஐயா,” என்றாள்.

அப்படியென்றால் அவர் வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம் இல்லையா என்று அவர் பரிவாகத்தான் கேட்டார். அதுவரை எந்த மேசையிலும் அதற்குத் தலையாட்டாத அம்மா, “ஓம் ஐயா, போயிருப்பார்,” என்றாள்.

வெளியே வந்து பஸ் வருகிறவரை நான் அவளோடு கதைக்கவில்லை. விரலைக்கூடத் தொட்டுக் காட்டியும் அம்மா அந்தச் சிலையை நம்பவில்லையே என்று எனக்கு அவளில் அத்தனை கோபம்.