மாப்பிள்ளைக்கு வயிறு கழுவினார்கள்

என்னைக் கட்டிக்கொள்ளப் பயந்து ஒருவர் விஷம் குடித்துவிட்டார் என்று ஒரு காலைப் பொழுது முழுக்க நம்பியிருக்கிறேன். அன்று வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தெமோதரைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவருக்கு என்னை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர் தட்டிலிருந்த முறுக்கு முழுவதையும் தின்று தீர்த்தார்; ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கமான பிள்ளை என்றார் அப்பா. எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

கல்யாணம் நெருங்கியபோது ஒருநாள் காலை, பெரட்டுக்களத்தில் வேலை பிரிப்பதற்காக நின்றிருந்தோம். தெமோதரையிலிருந்து வந்த ஒருவர் அப்பாவிடம் சொன்னார்: "மாப்பிள்ளைய பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. வயித்தக் கழுவுறாங்களாம்."

சாதாரணமாக வயிற்றைக் கழுவுவது என்றால் எங்களுக்குப் பிழைப்பு நடத்துவது. ஆஸ்பத்திரியில் கழுவினால் ஒரே அர்த்தம்: ஆள் மருந்து குடித்துவிட்டான். மருந்து என்றால் புல்லுக்கு அடிக்கிற மருந்து. நான் வாயைத் திறப்பதற்குள் கதை மலை முழுக்கப் பரவிவிட்டது. "இவளக் கட்டுறதுக்கு இதுவே மேலுன்னு குடிச்சிட்டானாம்" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அம்மா தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. "வாங்கப்பா, அந்த மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம்" என்று அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வார்டில் மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து கிடந்தார். தலைக்கு மேலே ஒரு போத்தல் தொங்கியது. அதிலிருந்து வந்த குழாய் வயிற்றுக்குள் போனது. கட்டிலுக்குக் கீழே இன்னொரு போத்தல். மூக்கில் வேறு ஒரு குழாய். அந்தக் கோலத்தைப் பார்த்து யாராயிருந்தாலும் இரங்கியிருப்பார்கள். நான் ஆரம்பித்தேன்.

"என்னயப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே? முறுக்குத் திங்க மட்டுந்தான் வாய் தொறக்குமா?"

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"வெரலக் காட்டுறாரு பாருங்கப்பா!"

நர்ஸம்மா வந்து மேல்குழாயை மூடிக் கீழ்குழாயைத் திறந்தார். வயிற்றிலிருந்து தண்ணீர் இறங்க இறங்க அவருக்கு மூச்சு வந்தது.

"கான்..." என்றார்.

"சாக்கடைக் கானா?"

"வாசக் கான்... அடைச்சிருந்துச்சு... கல்யாணத்துக்கு... சனம் வருமேன்னு... எறங்கி..."

அதற்குள் அடுத்த போத்தலைத் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, பொறு என்று மறுபடியும் விரலைத் தூக்கினார்.

மீதியை டொக்டர்தான் சொல்லி முடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "தங்கச்சி, இவர் நஞ்சு ஒண்டும் குடிக்கேல்லை. கானுக்குள்ள எலி பெய்த தண்ணி. எலிக்காய்ச்சல். சிறுநீரகம் வேலை செய்யேல்லை. அதின்ர வேலையைத்தான் இந்தத் தண்ணி செய்யுது. தண்ணி வயித்துக்குள்ள நிண்டால் மூச்சு முட்டும், அதுக்குத்தான் மூக்கில ஒட்சிசன். ரெண்டையும் சமாளிச்சு நடத்துறம்."

எனக்குப் புரிந்தது. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டார் குடம் வைத்தால் நடப்பதுதான் அவர் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்தால் நெஞ்சுக்கு இடமில்லை.

"பொழைச்சுக்குவாருங்களா ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"சலம் போனால் பிழைப்பார்."

"சலம்னா என்னங்கய்யா?"

"மூத்திரம் ஐயா, மூத்திரம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பயமும் வந்தது. என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசாத இந்த மனிதர், எங்கள் வீட்டார் கால் நனையக்கூடாது என்று சாக்கடையில் இறங்கியவர், செத்துப்போனால் நான் என்ன செய்வேன்?

அதற்குப் பிறகு பதுளை பஸ் கண்டக்டருக்கு என் முகம் பழகிவிட்டது. கட்டிலருகே உட்கார்ந்து போத்தலையே பார்ப்பேன். தண்ணீர் உள்ளே போகும்போது நான் பேசுவேன். வெளியே வரும்போது அவர் பேசுவார். ஊர்க்கதை, ஃபெக்டரிக் கதை எல்லாம் அரையும் குறையுமாக நின்று நின்று நடந்தது. கதிர்காமத்து முருகனிடம் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். மூத்திரம் கேட்டு நேர்ந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் நான் உள்ளே நுழையும்போதே பக்கத்துக் கட்டில் பெரியவர் கத்தினார்: "வாம்மா, வா! மாப்ள ஒன்னுக்குப் போயிட்டாரு!" நர்ஸம்மா மூத்திரப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வார்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவருடைய மூக்கில் குழாய் இல்லை. வயிறும் ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து, முதல்தடவையாக நிறுத்தாமல் பேசினார்: "அன்னைக்குப் பாதில விட்டீங்களே, இப்ப திட்டுங்க. பதில் சொல்ல மூச்சு இருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பேர் முன்னால், ஒரு போத்தல் மூத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன்.