சம்பந்தி வீட்டுச் சவரக்கத்தி

சம்பந்தி எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், பாதித் தலை வழுக்கை, மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தவன். இத்தனை தகுதியும் இருந்தும் ஒரு துருப்பிடித்த சவரக்கத்திக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தேன்.

வினை என் வாயால் வந்தது. பரிசம் போட்ட பிறகு ஒருநாள் கோலா சாவாவில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். மேசைமேல் பழைய சவரக்கத்தி ஒன்று கிடந்தது. மடக்கி விரிக்கிற அந்தக் காலத்துச் சாமான். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சம்பந்தியின் அப்பா வைத்திருந்ததாம். கையில் எடுத்துப் பார்த்து, "அடடா, எவ்வளவு அருமையான கத்தி! இந்த மாதிரி இப்ப எங்க கிடைக்குது?" என்றேன். புது உறவு வீட்டில் எதைப் பார்த்தாலும் நான் அப்படித்தான் சொல்வேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பைப் புகழ்ந்தேன். தலைக்குமேல் கடகடவென்று ஆடிச் சுற்றிய மின்சாரக் காற்றாடியைப் புகழ்ந்தேன். பூனையைக்கூட விடவில்லை.

இரண்டொரு நாளில் வாட்சப்பில் கத்தியின் படம் வந்தது. கீழே, "சம்பந்தி, வேணும்னா எடுத்துக்குங்க. நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

நீங்களே ஒரு விலை சொல்லுங்களாம்! குறைத்துச் சொன்னால் கஞ்சன். கூட்டிச் சொன்னால் பணத்திமிர். வேண்டாம் என்றால் அவருடைய அப்பாவையே அவமதித்தவன். இப்படிப்பட்டவன் வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டால்?

"சும்மா குடுங்கன்னு கேட்டுருவோமா?" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, கத்திய யாராச்சும் சும்மா வாங்குவாங்களா? உறவு அறுந்துரும்னு தெரியாது? கல்யாணத்துக்கு முன்னாடியே அறுக்கணுமா?"

"சரி, காசு குடுத்துடறேன்."

"சம்பந்திகிட்ட வியாபாரமா பேசுவீங்க?"

"அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?"

"அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "'வேணாம் சம்பந்தி, தேங்க்ஸ்'னு ஒரு வரி போடுங்கலா, அப்பா. முடிஞ்சிச்சு" என்றாள். யாருக்காக நான் இந்தப் பாடு படுகிறேனோ, அவளுக்கே கவலை இல்லை.

சரி, வாங்கினால் உருப்படுமா என்றாவது பார்ப்போம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துரு இருந்தது. ஆனால் இணையத்தில் ஒருத்தன் கையுறை போட்டுக்கொண்டு, இதைவிட மோசமான கத்தியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிக் காட்டினான். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணத்தன்று காலையில் இந்தக் கத்தியாலேயே சவரம் செய்துகொண்டு, மொழுமொழுவென்று சம்பந்தி எதிரே போய் நிற்கலாம்! வீட்டில் சட்டிக்குப் பிடி கழன்று பல மாதம் ஆகிறது, அதை இன்னும் நான் மாட்டவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை எடுத்தேன். செண்டாயானில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோலா சாவா வரை ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை. "கத்தி அருமைதான் சம்பந்தி, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சமிக்ஞை விளக்கில் பக்கத்து மோட்டார்க்காரன் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றான்.

சம்பந்தி கத்தியைத் தாம்பாளத்தில் வைத்திருந்தார். சத்தியமாகத் தாம்பாளத்தில்! பக்கத்தில் பிஸ்கட். அவருடைய கட்டைவிரலில் பிளாஸ்டர். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விரித்துப் பார்த்தேன். ஆணி தளர்ந்து தகடு தள்ளாடியது. சன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். கூர் நெடுகப் பொடிப்பொடியாகக் குழி. என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டியவர், அவருடைய கத்தியைத் தீட்டித்தான் நான் வளர்ந்தேன். மேலே படிந்த துரு தேய்த்தால் போகும். கூருக்கு இறங்கிவிட்டால் தீட்டத் தீட்ட உதிரும். இதை முகத்தில் வைத்தால் கல்யாண மேடையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"சம்பந்தி..."

"சொல்லுங்க சம்பந்தி."

"இது... ரொம்ப அருமையான கத்தி."

சம்பந்தியின் முகம் தொங்கிப் போனது. சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

"அண்ணே, இன்னொரு தடவ அருமைன்னு சொல்லாதீங்க! அன்னிக்கு இத குப்பையில போடத்தான் மேசையில எடுத்து வச்சாரு. நீங்க வந்து புகழ்ந்துட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிப் போடறது? சும்மா குடுத்தா உறவு அறுந்துரும், விலை சொன்னா சம்பந்திகிட்ட காசு கேட்டவன் ஆயிருவேன்னு ஒரே புலம்பல். தேய்ச்சுக் குடுக்கிறேன்னு போயி கையையும் கிழிச்சுக்கிட்டாரு."

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"உங்க அப்பா கத்தியாச்சே?" என்றேன்.

"அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தாடி, சம்பந்தி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கிளம்பறப்போ இத குடுத்துட்டுப் போனாரு. அப்பா இதால தபால் உறைதான் பிரிப்பாரு."

"சும்மாவா குடுத்தாரு?"

"சும்மாதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, துரை திரும்பியே வரலியே!"

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

நான் அந்தக் கத்தியை வாங்கவில்லை. அந்த வாரம் வந்த பழைய இரும்பு லாரியில் சம்பந்தி அதைப் போட்டுவிட்டார். நான் புகழ்ந்த காற்றாடியும் கூடவே போனது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் கடையில் வாங்கிய பிளேடால் சவரம் செய்துகொண்டு போனேன்.