லைனிங் வைத்த வலை

வேன் ஸ்டாண்டில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். கொசுவலை அக்கா என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடை நாய்கூடக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும்.

பதினோரு வருஷம் தையல் மெஷின் மிதித்த கால் அது. ஆறு வருஷமாக வேனின் ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளை வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. போக மட்டும் மூன்று மணி நேரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வயல் பூச்சிகள் ரேடியேட்டரில் அப்பிக்கொண்டு, வண்டி நடுவழியில் கொதித்து நின்றுவிட்டது. நான்கு நோயாளிகள் வீங்கிய கால்களோடு மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் சொல்வாள். மறுநாளே கொசுவலைத் துணி வாங்கி, நான்கு மூலையிலும் எலாஸ்டிக்கும் கொக்கியும் வைத்துத் தைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினாள். "வண்டிக்கு என்ன வெட்கமா, முக்காடு போட்டிருக்கு?" என்று ஸ்டாண்டே சிரித்தது. அடுத்த பூச்சி சீசனில் சிரித்தவர்களின் வண்டி ஒவ்வொன்றாகக் கொதித்தது. ஒவ்வொருவராக அளவு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பதினோரு வண்டிகளில் அவள் தைத்த வலை. தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது.

அந்தத் தலைக்கனத்தில்தான் போன வாரம் லைனிங் வைத்தாள். கடுகளவு பூச்சிகள் வலையின் கண் வழியாக நுழைவது அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்பக்கம் இன்னும் நெருக்கமான வலை ஒன்றை வைத்து, கோட்டுக்கு வைப்பதுபோல் சுற்றிலும் தைத்துவிட்டாள். தையற்காரருக்கே வரக்கூடிய புத்தி அது. அவள் வீட்டுக்காரரும் தையற்காரர்தான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்:

"லைனிங் வச்சா மனுஷனே வேர்த்துப் போறான். வண்டிக்குக் காத்து வேணாமா?"

"நீங்க துணியைப் பாருங்க. வண்டியை நான் பாத்துக்கறேன்."

பதினோரு வண்டிகளின் வலைக்கும் லைனிங் ஏறியது.

கணக்கு வாத்தியாரின் மனைவியிடமிருந்து போன் வந்தபோது பகல் பன்னிரண்டரை. வாத்தியார் மூன்று வருஷமாக அவளுடைய வண்டியில் வருபவர். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவருக்குச் சட்டம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, மணிக்கு ஒரு கோடு என்று குடிப்பார்.

"தங்கச்சி, கிட்னி கிடைச்சிருச்சாம்! நாலு மணிக்குள்ள உள்ள இருக்கணுமாம். உன் வண்டி இருக்கா?"

பத்து நிமிஷத்தில் அவர்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஒரு பை, ஒரு ஃபைல், அந்தப் பாட்டில். பாட்டிலில் இன்று ஒரு கோடுகூடக் குறையவில்லை. ஆபரேஷன் என்பதால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

வழக்கமாக ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி வலையைக் கழற்றி உதறுவாள். அன்றைக்கு இறங்கவில்லை. லைனிங்தான் இருக்கிறதே என்ற தைரியம். சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உமியும் தூசும் புகையாக எழும்பி ரோட்டைக் கடந்தன. மெஷினுக்குப் பயந்து கிளம்பிய பூச்சிகள் கண்ணாடியில் படபடவென்று அடித்தன.

எழுபதாவது கிலோமீட்டரில் சூட்டு முள் நடுவைத் தாண்டியது. ஏசியை அணைத்தாள். முள் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தாள். அதற்கும் மசியவில்லை.

"சார், கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கங்க. ஹீட்டர் போடப்போறேன்."

"இந்த வெயில்லயா?" என்றாள் மனைவி.

"இன்ஜின் சூட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கும் அக்கா. வேற வழியில்ல."

"போடும்மா" என்றார் வாத்தியார்.

அனல் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடிகளை இறக்கினால் உமி உள்ளே வந்தது. வாத்தியார் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, மடியிலிருந்த பாட்டிலைப் பார்க்காமல் வெளியே பார்த்தார். பார்க்காமலிருக்க அவர் படும் பாட்டை அவள் கண்ணாடியில் பார்த்தாள். முள் ஏறி, சிவப்பைத் தொட ஒரு விரல்கடையே பாக்கி என்றானதும் ஓரம் கட்டினாள். மணி இரண்டு பத்து. இன்னும் எண்பது கிலோமீட்டர். வேறு வண்டி ஏதாவது வருமா என்று மனைவி ரோட்டில் நின்று பார்த்தாள். எதிர்ப்பக்கமாக ஒரு டிராக்டர் போனது, அவ்வளவுதான்.

கொசுவலை அக்கா பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, தொட்டால் முகம் வெந்துவிடும். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் கோட்டளவுக்குச் சரியாக இருந்தது. அப்படியென்றால் தண்ணீரில் குறையில்லை, காற்றுதான் போகவில்லை. குனிந்து வலையைப் பார்த்தாள். இரண்டு துணிக்கும் நடுவில் உமியும் பூச்சியும் போய்ச் சிக்கி, மெத்தைக்குப் பஞ்சு அடைத்ததுபோல் கெட்டியாக உப்பியிருந்தது. ஒற்றை வலையாக இருந்தால் பாதி உதிர்ந்து ரோட்டில் விழுந்திருக்கும். அவளுடைய லைனிங் ஒரு துகளைக்கூட வெளியே விடாமல் பிடித்துவைத்திருந்தது.

"என்னாச்சு தங்கச்சி?"

"பூச்சி அடைச்சிருச்சு அக்கா."

பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது: "நாலரை வரைக்கும்லாம் முடியாதுங்க. அடுத்த லிஸ்ட்ல இருக்கறவரை வரவழைச்சு உக்கார வச்சிருக்கோம். நாலுக்கு நீங்க இல்லன்னா அவருக்குப் போயிரும்."

கொக்கிகளைப் பிடுங்கி வலையைத் தரையில் போட்டு, வண்டியில் எப்போதும் கிடக்கும் கத்தரிக்கோலை எடுத்தாள். வலையே இல்லாமல் போகலாம் என்றால் முன்னால் இன்னும் முப்பது கிலோமீட்டர் அறுவடை. லைனிங்கை மட்டும் கிழித்தாக வேண்டும். எடுப்பான தையல், நெருக்கத் தையல், ஒவ்வொரு மூலையிலும் மூன்று முறை ஓட்டிய தையல். தன் கைவேலை அவ்வளவு உறுதியாக இருந்ததற்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லைனிங் வந்துவிட்டது. ஆனால் ரேடியேட்டரின் தகடுகளிலும் பொடி ஈரமாக ஒட்டியிருந்தது. அதைக் கழுவாமல் பயனில்லை. அவளுடைய கேன் காலி. கிளம்பும் அவசரத்தில் நிரப்பவில்லை.

"இந்தா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வாத்தியார் இறங்கி வந்து பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு எனக்கு இதுல வேலை இல்லை."

"சார், நடுவுல உங்களுக்கு ஏதாவது…"

"ஊத்தும்மா. மணி ரெண்டு இருபது."

மனைவி ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, தனக்கென்று புதிதாக வாங்கிய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்ட கொசுவலை அக்கா, ஃபேன் தானாகச் சுற்றிவிடாமல் அதன் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து கோடு கோடாகத் தண்ணீரை ஊற்றினாள். முன்பக்கம் வந்து, மெல்லிய தகடுகள் மடங்கிவிடாமல் மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். பூச்சிச் சாறு பழுப்பாக வழிந்தது. ஆறு கோடு, நாலு கோடு, இரண்டு கோடு. வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று வருஷமாக ஒரு தடவைக்கு ஒரு மடக்குக்கு மேல் குடிக்காதவர், ஒரு நாள் தண்ணீர் முழுதும் மண்ணில் ஓடுவதைப் பார்த்தார். கடைசிச் சொட்டும் தீர்ந்தபோது தகடுகளின் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

வயரை மாட்டி, ஒற்றை வலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முள் இறங்கி நடுவுக்கு வந்தது. அதற்கப்புறம் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, உதறி, ஏறினாள். ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம். மனைவி மணியை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், சொல்லாவிட்டால் அது இன்னும் வேகமாக ஓடிவிடும்போல.

மூன்று ஐம்பத்தி நாலுக்கு ஆஸ்பத்திரி வாசல். சக்கர நாற்காலி தயாராக நின்றது. அதில் அவர் உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"சார், பூச்சியால இல்ல. நான் வச்ச லைனிங்காலதான் வண்டி நின்னுச்சு. அங்கேயே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"தெரியும்மா. பூச்சி மேல இருக்கற கோவத்துல யாரும் துணியை அப்படிக் கிழிக்க மாட்டாங்க." சிரித்த மாதிரித்தான் இருந்தது. நாற்காலி உள்ளே போய்விட்டது.

வராந்தா பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் கோடு போட்ட பாட்டில். நர்ஸ் வந்து குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து, பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு மடக்கு குடித்து, அளவைப் பார்த்து மூடிக்கொண்டு, வெளியே நடந்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரையும் நிறுத்திவைத்து வலைகளைக் கழற்றச் சொன்னாள்.

"நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"நல்லா இல்ல. நான் தப்பாத் தச்சுட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னாரு, நான் கேக்கல. குடு."

இப்படியே பதினோரு பேரிடமும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது வலையில் கத்தரி இருந்தபோது போன் அடித்தது. கத்தரியைக் கீழே வைக்காமலே எடுத்ததில் விரல் எதிலோ பட, ஸ்பீக்கர் திறந்து ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி! ஒண்ணுக்குப் போயிட்டாருடி! மூணு வருஷம் கழிச்சு! யூரின் பை நிறைய! டாக்டர் ஓடிவந்து பாத்துட்டுப் போறாரு!"

ஊரார் காதில் விழ ஒரு பெண் இப்படிக் கத்தியதை ஸ்டாண்டு அதுவரை கேட்டதில்லை. மூத்த டிரைவர் ஒருவர் தோளிலிருந்த துண்டை உதறிவிட்டுக் கைதட்டினார். பதினோரு பேரும் தட்டினார்கள்.

"தண்ணி குடிக்கச் சொல்றாங்கடி, நிறையக் குடிக்கணுமாம்! பாட்டில் எங்கேன்னு கேக்கறாரு!"

பாட்டில் அவளுடைய வண்டியில்தான் கிடந்தது. மடியிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக் குழாய்க்கு ஓடி, கோட்டையெல்லாம் தாண்டி, கழுத்து வரை நிரப்பினாள்.