தொலைக்காட்சியில் தெரியும் கதிரை

சித்தப்பாவின் தூரக்கண்ணாடி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கறுப்புத் தோல் உரிந்துபோய்விட்டது. கழுத்தில் மாட்டும் பட்டி எப்போதோ அறுந்து, அந்த இடத்தில் சித்தி தைத்துக் கொடுத்த பழைய சேலைக்கரை தொங்குகிறது. வலது பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல். எந்த ஆட்டக்காரனைப் பார்த்தாலும் அவன் தோளில் ஒரு தலைமயிர் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே தெரியும். பார்க்டேலில் யாரோ வீட்டைக் காலிசெய்தபோது வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்குள் இருந்து சித்தப்பா இதைப் பொறுக்கி எடுத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். "உனக்கு ஒரு கண், எனக்கு ஒரு கண்" என்று சொல்லிச் சிரித்தார். இதைச் சித்தி என் கையில் தந்த அன்று கூடியிருந்த சனமெல்லாம் என்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

கனடாவுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருக்க, அப்பாவின் தம்பியான சித்தப்பாதான் என்னை முதலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பார்க்டேலில் ஒற்றை அறை வீடு. சித்தப்பா, சித்தி, கைக்குழந்தையாகத் தங்கச்சி, பிறகு நான். என்னை ஆருக்கு அறிமுகப்படுத்தினாலும் "இவன் எங்கட வீட்டில மூத்தவன்" என்பார். அண்ணன் மகன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஹோட்டல் குசினியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் என்னைப் பேஸ்போல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். மைதானத்தின் உச்சித் தட்டு. அதற்கு மேலே கூரைதான். சித்தி சுற்றித் தந்த ரோல்ஸும் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் மடியில் இருக்கும். ஊரில் கிரிக்கெட் பைத்தியமாக இருந்த மனுசன். முதலில் "இதென்னடா விளையாட்டு, அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறாங்கள்" என்று பழித்தார். பிறகு பார்த்தால் அதே மனுசன் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இந்த நகரத்துப் பேஸ்போல் அணியின் கொடியைக் குத்தி வைத்துச் சித்தியிடம் ஏச்சு வாங்கினார்.

உச்சித் தட்டிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் எறும்புதான். ஆளுக்கு ஒரு முறையாகத் தூரக்கண்ணாடியை மாற்றிக்கொள்வோம். ஆனால் சித்தப்பா பாதி நேரம் விளையாட்டைப் பார்க்கமாட்டார். மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்குப் பின்னால், நிலத்தோடு நிலமாக, மெத்தை போட்ட கதிரைகள் கொஞ்சம் இருக்கும். பெரிய ஆட்கள் இருக்கும் இடம். அங்கேதான் அவருடைய கண் போகும். வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் இதே கதைதான். பந்து எறிகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருந்துதான் கமெரா பார்க்கும். அதனால் ஒவ்வொரு எறிக்கும் அந்தக் கதிரைக்காரர்களின் முகம் பளிச்சென்று திரையில் விழும். சித்தப்பா ஒவ்வொருவருக்கும் ஒரு கதை கட்டுவார். "உவர் மனிசியோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருக்கிறார், மூஞ்சையைப் பார்." "உவன் வேலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறான். நாளைக்கு முதலாளி கேக்கப்போறான்." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடிய, "ஒருநாளைக்கு உதில இருந்து பாக்கவேணுமடா" என்பார். சொன்ன வாய் மூடுமுன்பே, "கிட்டப் போனா முகம்தான் தெரியும், விளையாட்டுத் தெரியாது" என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

நான் வளர்ந்து வீடு விற்கும் ஏஜென்ட் ஆனேன். ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடங்களில் சனம் இருக்கும் வாங்குகளில், கோட்டுப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டும் விளம்பரப் படங்களில் ஒன்று என்னுடையது. சித்தப்பா குடும்பம் மோர்னிங்சைட்டில் வீடு வாங்கியதும் என் மூலமாகத்தான். "சித்தப்பா, அந்தக் கதிரையில உங்களை இருத்தாமல் விடமாட்டன்" என்று எத்தனை கொண்டாட்டத்தில் பெரிய வாய் அடித்திருப்பேன்! அவரும் "ஓமடா, ஓமடா" என்பார். ஒவ்வொரு கோடையும் ஏதாவது ஒரு வேலை வந்தது. பிறகு ஒரு நாள் மாரடைப்பு வந்தது.

அவருடைய எட்டுச்செலவுக்கு முதல்நாள், நான் வீடுகள் விற்றுக்கொடுக்கும் கட்டட நிறுவனத்து மனேஜர் போன் எடுத்தார். நாளைப் பின்னேர ஆட்டம், மட்டைக்காரனுக்கு நேர் பின்னால், வி.ஐ.பி. கதிரை, வருகிறாயா என்று கேட்டார். எட்டுச்செலவு என்றால் தெரியும்தானே. செத்த வீடு நடந்து எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, பிறகு உறவுகள் கூடி இருந்து சாப்பிடுவது. அதில் மூத்தவன் நிற்கவேண்டும். எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படையல் ஆறு மணிக்கு, ஆட்டம் மூன்று மணிக்கு, இடையில் எழும்பி ஓடிவந்தால் சரி என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். சித்திக்குப் போன் எடுத்து, "ஒஷாவாவில ஒரு வீடு காட்டவேணும் சித்தி, கொஞ்சம் பிந்தினாலும் பிந்தும், பாத்துக்கொண்டிருக்காதேங்கோ" என்றேன். "நீ ஆறுதலா வா தம்பி. நீ வராமல் படைக்கமாட்டம்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இடம் சொர்க்கம். தனி வாசல், கம்பளம் விரித்த நடை, உள்ளே மேசை மேசையாகச் சாப்பாடு. இறால் என்ன, இறைச்சி என்ன, எனக்குப் பெயர் தெரியாத இனிப்புகள் என்ன. கதிரையில் இருந்தால் ஒரு பெண்பிள்ளை குனிந்து வந்து என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கிறாள். பந்து கையுறைக்குள் விழும் சத்தம் நெஞ்சில் வந்து அடிக்கிறது. ஆட்டக்காரன் துப்புவதும் தெரிகிறது, தனக்குள் முணுமுணுப்பதும் கேட்கிறது. மனேஜர் தந்த நீல நிற அணிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் சின்னப் பெடியன்போலத் துள்ளினேன். சித்தப்பாவை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன், முதல் பத்து நிமிடம். பிறகு மறந்துவிட்டேன். ஐந்தரைக்கு எழும்பவேண்டியவன். ஆட்டம் சமநிலையில் நீண்டுகொண்டு போனது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஒட்டிக்கொண்டு இருந்தேன். அந்தக் கதிரையில் இருப்பவனின் முகம் எங்கே தெரியும் என்று இந்த உலகத்தில் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்தவன் நான். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவே இல்லை.

போன் அதிர்ந்தது. தங்கச்சி ஒரு படம் அனுப்பியிருந்தாள். மோர்னிங்சைட் வீட்டு வரவேற்பறை. மாலை போட்ட சித்தப்பாவின் படம், முன்னால் குத்துவிளக்கு, வெறும் வாழையிலை. அதற்குப் பின்னால் சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் மட்டைக்காரனின் தோளுக்கு மேலே நீலச் சட்டையோடு நான், வாய் நிறைய இறைச்சியோடு. கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: "அண்ணா, இது நீங்களோ?"

அந்தப் பெண்பிள்ளை வந்து ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டது நினைவிருக்கிறது. காரை எப்படி எடுத்தேன், எந்த வழியாகப் போனேன் என்பது நினைவில்லை. திரும்பி எங்காவது ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன். மானம் போனது போனதுதான், ஆனால் "நீ வராமல் படைக்கமாட்டம்" என்று சித்தி சொன்னதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அணிச் சட்டையைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் எறிந்தேன். வாசலில் ஒரு பட்டாளத்தின் செருப்பு. உள்ளே போனால் எல்லோருடைய கண்ணும் என்மேல். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்தேன். சித்தப்பாவோடு குசினியில் வேலைசெய்த அங்கிள் ஒருவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "தம்பி, பெரிய காரியம் செய்தனீர். அந்தாள் சாகுமட்டும் ஆசைப்பட்ட கதிரை. அவருக்காகப் போய் இருந்திட்டு வந்தனீர் என்ன" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கச்சிதான் என்னை வீட்டு நடைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுத்தாள். படையலுக்கு எல்லாம் ஆயத்தம் செய்தபிறகு, "அப்பாக்கு மேட்ச் போட்டுவிடுவம்" என்று அவள்தான் தொலைக்காட்சியைப் போட்டாளாம். முதல் எறியிலேயே நான். ஆரோ ஒரு அன்ரி, "உவர் ஒஷாவாவில எல்லோ நிக்கிறார் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்க, சித்தி திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓம், நான்தான் அப்பிடிச் சொன்னனான். அவரின்ர ஆசையை முடிச்சுப்போட்டு வா எண்டு அனுப்பினதும் நான்தான்" என்றாராம். "அம்மா பொய் சொல்லி நான் இண்டைக்குத்தான் பாத்தனான் அண்ணா" என்றாள் தங்கச்சி. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி வந்திட்டான், படைப்பம்" என்று சித்தி கூப்பிட்டார். சோறு, நண்டுக்கறி, கணவாய், ரோல்ஸ், ஒரு கிளாசில் பியர். மூத்தவன் என்று முதல் அகப்பை என் கையில். படைத்து முடிய முதல் சாப்பாட்டுக் கோப்பையும் எனக்கே. சித்தி தன் கையால் குவித்துப் போட்டார். தொண்டை வரை இறைச்சியும் இறாலும் நிறைந்த வயிறு. ஒரு பருக்கை இறங்க இடமில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை முழுவதும் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளில் மறக்கமுடியாதது அதுதான். சனம் கலைந்தபிறகு குசினிக்குப் போய், "சித்தி, நான் வந்து..." என்று தொடங்கினேன். அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஒண்டும் கதையாதை. எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நானே போ எண்டு அனுப்பியிருப்பன்" என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் இந்தத் தூரக்கண்ணாடியை எல்லோருக்கும் முன்னால் என்னிடம் தந்தார். மறுபடியும் அதே புகழ்ச்சி. சித்தப்பாவின் ஆசையை நிறைவேற்றிய பிள்ளை என்று கோயிலில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். இல்லை ஐயா, நான் வயிறு புடைக்கத் தின்னப் போனவன் என்று கத்தவேண்டும் போல இருக்கும். கத்தினால் சித்தி பொய்க்காரியாவார். அதனால் கையைக் கட்டிக்கொண்டு, "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏச்சு வாங்கியிருந்தால் அந்த வெட்கம் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். இது ஆறுகிற வெட்கமாகத் தெரியவில்லை.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உச்சித் தட்டுக்குப் போனேன். ரோல்ஸ் கடையில் வாங்கியது. சேலைக்கரையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தூரக்கண்ணாடியால் கீழே அந்தக் கதிரையைத் தேடினேன். என் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சித்தி.

"எங்க தம்பி நிக்கிறாய்?"

"மேட்ச் பாக்க வந்தனான் சித்தி."

"எங்க இருக்கிறாய்? மேலயோ, கீழயோ?"

"மேலதான். சித்தப்பாவோட வாற இடத்தில."

வீட்டில் தொலைக்காட்சி ஓடுவது போனில் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆட்டம்தான்.

"அதுதானே பாத்தன்" என்றார் சித்தி. "ஒவ்வொரு பந்துக்கும் உன்னைத் தேடிக்கொண்டு இருக்கிறன்."