பட்டாணியின் வயிறு

முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகு பையை, கடைசியாகத்தான் பில். மூன்றும் ஒத்துப்போனால் பில்லில் ஓட்டை போட்டுத் திருப்பித் தருவார். ஒத்துப்போகாவிட்டால், "ஒரு நிமிஷம் இப்படி ஓரமா வாங்க" என்பார். குரல் உயராது. பதினெட்டு வருடமாக சூப்பர் மார்க்கெட்டின் வெளிவாசலில் நிற்கும் அவருக்கு விற்பனைப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் சல்லடை. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. யார் வைத்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டைக்குள் ஷாம்பு புட்டியைச் செருகியவனின் நடை வேறு, சாப்பிட்டுத் தொப்பை போட்டவனின் நடை வேறு என்பது அவருடைய சாஸ்திரம். ஊரார் வயிற்றைப் பார்த்தே தன் வயிற்றைக் கழுவுகிறவர். அதனால்தான் வீட்டு நாய் பட்டாணியின் வயிறு இரண்டே மாதத்தில் பானையாக உப்பியபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

பட்டாணிக்குத் தோலில் அரிப்பு. ரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டிருந்ததை அவர் மனைவிதான் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு நின்றது, வேறு கூத்து தொடங்கியது. தட்டை நக்கித் தேய்த்தும் பசி அடங்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காலி. தெருவிளக்குக் கம்பம்வரை பொறுக்க மாட்டாமல் கூடத்திலேயே குளம் கட்டியது. மாத்திரை அப்படித்தான் செய்யும், போகப்போகக் குறைப்போம், திடீரென்று மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மனைவி வந்து ஒப்பித்தார். கேட்டதுமே சல்லடைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"கேக்கறதுக்கு முன்னாடியே காரணம் சொல்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்," என்றார்.

பிஸ்கட் டப்பாவின் மூடியைச் சுற்றி நூல் கட்டினார். தண்ணீர்க் கிண்ணத்துக்குள் பேனாவால் கோடு கிழித்தார். மாடிவீட்டு ஆசிரியை பட்டாணியைக் கொஞ்ச வரும்போதெல்லாம் அவருடைய கைப்பைமேல் ஒரு கண் வைத்தார். ஒரு வாரமாகியும் நூல் அறுபடவில்லை. ஆசிரியையின் பையில் விடைத்தாள்களைத் தவிர ஒன்றுமில்லை. அது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. மனைவி மட்டும் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்: "இருபத்தாறு வருஷமா கூட இருக்கேன். என்னையும் ஓரமா வரச் சொல்லுவீங்களா?"

சல்லடைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நூலை அவிழ்க்கவில்லை.

மிச்சமிருந்த குற்றவாளி மாத்திரை. நிறுத்தக் கூடாது என்பதே விற்கிறவர்களின் தந்திரம் என்று முடிவு கட்டினார். நாளுக்கு ஒரே மாத்திரை, அதுவும் காலையில்; மனைவி விடிந்ததும் சலவை நிலையத்து வேலைக்குக் கிளம்பிவிடுவதால் அது இவர் பொறுப்பு. யாரிடமும் மூச்சு விடாமல் அதைச் சட்டைப்பையில் போட ஆரம்பித்தார். தூக்கி எறியவில்லை, சாட்சி வேண்டுமே என்று சின்ன பிளாஸ்டிக் உறையில் சேர்த்தார். பட்டாணியின் வயிறு வற்றியதும் டாக்டர் மேசையில் அதைக் கொட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பதாகத் திட்டம்.

ஐந்தாம் நாள் பட்டாணி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆறாம் நாள் காலை வாந்தி எடுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வால் நுனிகூட அசையவில்லை. மனைவி வேலையை மறந்தார். இருவருமாகப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா ஈறை அழுத்திப் பார்த்தார். மாத்திரை நடுவில் ஏதாவது நின்றதா என்று கேட்டார். சல்லடை வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"ஒரு நாளும் தவறல டாக்டர். இவருதான் தன் கையால குடுக்கறாரு. இவரு விஷயத்துல தப்பு நடக்கவே நடக்காது."

அப்படியானால் விஷம் ஏதாவது தின்றிருக்கும், அந்த வழியில் பார்ப்போம் என்று டாக்டர் அலமாரிப் பக்கம் திரும்பினார். தப்பான வழியில் போகிற ஒவ்வொரு நிமிடமும் பட்டாணியின் உயிரில் கழிகிறது என்று இவருக்கு உறைத்தது. பயமாக இருந்தது. உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஐந்து மாத்திரைகள்.

"நான் குடுக்கல," என்றார். "எனக்கு உங்க மேல சந்தேகம்."

மனைவி அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தால் உடம்பு அதே சரக்கைத் தானாகச் சுரப்பதை விட்டுவிடும், சட்டென்று நிறுத்தினால் அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் சாய்ந்துவிடும் என்று, மருந்தை ஊசியில் ஏற்றியபடியே சொன்னார். இதுவும் ஸ்டீராய்டுதான், இப்போதாவது தெரிந்ததே, பிழைக்க வழி இருக்கிறது என்றார்.

மருந்துப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, லேபிள் மறுபக்கம். சல்லடை அதைத் திருப்பவில்லை. பட்டாணியின் முன்னங்காலை இரண்டு கைகளாலும் ஏந்தி டாக்டர் பக்கம் நீட்டினார்.