மார்லிஸின் நாலு நிமிடம்

"நாலு நிமிஷம் ஆகல. காலை அங்கேயே வை."

முட்டை வேகவைக்கும் டைமரை உயரே தூக்கிக் காட்டுகிறார், கலைக்கூடத்துக்குப் பொறுப்பான மார்லிஸ் ஹெக்ஸ்டாட். எதிரே, சிவப்புக் கொட்டகைப் படம் ஒன்றின் முன்னால், கல்லூரி ஹாக்கி அணியின் தலைவன் ஆறடி உயரத்தில் நெளிந்துகொண்டிருக்கிறான். கலை ரசனை வகுப்பில் தேற வேண்டுமென்றால் கண்காட்சி பார்த்ததற்கான சீட்டில் மார்லிஸின் கையெழுத்து வேண்டும்.

"பாத்துட்டேன் மேடம். கொட்டகை. சிவப்பு."

"கொட்டகையில எத்தனை ஜன்னல்?"

"ரெண்டு?"

"ஜன்னலே இல்ல. மறுபடி மொதல்லேர்ந்து."

டைமர் கரகரவென்று திரும்புகிறது.

மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைக்கும், நான் பின்னக் கணக்கு நடத்தும் அறைக்கும் நடுவே உள்ள கூடத்துக்குத்தான் கலைக்கூடம் என்று பெயர். எங்கள் எல்டர் லேக் கம்யூனிட்டி காலேஜில் ஜன்னல் இல்லாத அறைகள் இரண்டு. ஒன்றைப் பொருள் போட்டுவைக்க எடுத்துக்கொண்டு, மற்றதைக் கலைக்குக் கொடுத்தார்கள்.

செப்டம்பரிலிருந்து மே வரை அங்கே ஆறு கண்காட்சிகள். கொட்டகைப் படங்கள் முடிந்தால் மாணவர்களின் புகைப்படங்கள். பெரும்பாலும் அவரவர் காலணியை அவரவரே எடுத்தது. ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கு மட்டும் கூட்டம் நெரியும். ஊரில் பாதிப் பேர் தைத்தவர்கள், மீதிப் பேர் அந்தத் தையலில் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள். ஜனவரியில் பெருநகரத்துக்காரர் ஒருவர் துருப்பிடித்த கம்பிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். அருகில் ஒரு பக்கத்துக்கு விளக்கம்: 'இல்லாமையின் எடையை விசாரிக்கும் வெளி.' வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கூடத்தில் இல்லாமைக்குக் குறைவே இல்லை. அதை விசாரிக்கத்தான் ஆள் இல்லை.

விளக்கங்களை எழுதுவதும் மார்லிஸ்தான். "படிச்சா புரியக் கூடாது. புரிஞ்சிட்டா படத்தைப் பாக்க மாட்டாங்க" என்பது அவர் கொள்கை. எனக்குப் புரியவும் இல்லை, நான் படத்தைப் பார்ப்பதும் இல்லை. பாலாடைக்கட்டி வைத்திருக்கும் மேசையைப் பார்க்கிறேன். பதினைந்து வருடமாக ஒரு திறப்பு விழாவைக்கூட நான் தவறவிட்டதில்லை.

மார்லிஸுக்கு அறுபத்திரண்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் கோணல் பார்க்க ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். பல் டாக்டரிடம் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்குவதை நிமிர்த்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கூடத்தில் யார் விரலாவது காட்சிப் பொருள் பக்கம் நீண்டால், டைமர் பிடிக்காத கை பறந்துவரும். புறங்கையில் ஒரு தட்டு. "தொடாதே!" எனக்கு இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஊர் மேயருக்கு ஒரு முறை. அவர் தொட்டது போர்வையை அல்ல, போர்வை தொங்கிய கழியை, அதற்கும் விழுந்தது.

இந்த வருடம் டீன் ஆர்ரின் ஸ்டாட்லருக்கு அந்தக் கூடத்தின் மேல் கண் விழுந்தது. கணினியில் தேர்வெழுத ஓர் அறை வேண்டுமாம். மார்ச் மாதம் வாசலில் நின்று, உள்ளே காலை வைக்காமலே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மார்லிஸ். போறப்ப வர்றப்ப நானும் பாக்கறேன். நின்னு பாக்கறவங்க யாராவது உண்டா?"

"நாலு நிமிஷம் நிக்கறாங்க."

"நீங்க நிக்க வெக்கறீங்க. தானா யார் நிக்கறாங்க?"

நியாயமான கேள்வி. அதனால்தான் மார்லிஸின் முகம் காதுவரை சிவந்தது.

"சரி, மே மாச விழாவுக்கு வரேன். அன்னிக்குப் பாத்துட்டு, இது இருக்கணுமா வேணாமான்னு சொல்லிடறேன்" என்று டீன் போய்விட்டார்.

மே மாதத்துக் கண்காட்சி ஊழியர்களுடையது. கல்லூரியில் சம்பளம் வாங்கும் யாரும் எதையும் வைக்கலாம்; வைத்தும் விடுகிறோம். வெல்டிங் ஆசிரியர் வெர்ன் டோகென் வருடா வருடம் ஓர் இரும்பு மீன் வைப்பார். அவர் வாழ்க்கையில் பிடித்த மீன்கள் அவை மட்டும்தான். நான் பலகையில் ஒரு பறவைக் கூடு செய்து வைத்தேன். இன்றுவரை எந்தப் பறவையும் ஏமாறவில்லை. பத்தொன்பது வருடமாக எதுவுமே வைக்காதவர் மார்லிஸ் ஒருவர்தான். இந்த முறை அவரும் வைத்தார், ஒரு கிண்ணம். வெளியே சாம்பல் நிறம், உள்ளே நீலம். அந்த நீலத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பதினோரு முறை சூளை போட்டாராம்; அதுவும் சூளையைக் கவனிப்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குனிந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று இடுப்பளவுப் பீடத்தில் வைத்தார். அடுத்தவருக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறவர், தனக்கு மட்டும் நகத்தளவு சீட்டில் 'கிண்ணம்' என்று எழுதி ஒட்டினார். பெயர்கூடப் போடவில்லை. ஊரையே பிடித்து நிறுத்திப் பார்க்கச் சொல்கிறவருக்குத் தன்னுடையதைக் காட்ட அத்தனை வெட்கம். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

எங்கள் ஊர் விழாவுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்த தின்பண்டத்தைப் பொட்டலத்தோடு வைப்பதும் மரியாதை இல்லை. திறப்பு விழாவன்று டீன் ஒரு பெரிய சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தார்; பாத்திரம் கொண்டுவரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பளவில் வெள்ளையாக ஒரு மேசை, அதன்மேல் காலியாக ஒரு கிண்ணம். காலிப் பாத்திரத்தைக் கண்டால் எங்கள் ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. பொட்டலத்தைப் பிரித்துக் கவிழ்த்தார்.

மார்லிஸ் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கை உயர்ந்தது, வாய் திறந்தது. "தொ..." அவ்வளவுதான். கலைக்கூடம் இருக்குமா இல்லையா என்று சொல்ல வந்தவரின் கை அது. வாயை மூடிக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் விழுங்கியதை நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டம் கிண்ணத்தைச் சூழ்ந்துகொண்டது. "உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா விட மனசு வரல" என்றார் வெர்ன், வாய் நிறைய. உண்மையைச் சொல்கிறேன், நானும் மூன்று முறை கைவிட்டேன். கிண்ணம் யாருடையது என்று தெரிந்துதான் விட்டேன்.

கடைசியில் ஒரே ஒரு சிப்ஸ் மிஞ்சியது. எங்கள் ஊரின் வியாதியே இதுதான்: கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டோம். எடுத்தவனுக்குப் பேராசைக்காரன் என்ற பெயர் பேரன் காலம்வரை நிற்கும். விட்டுப் போகவும் மனம் வராது.

"நீங்க எடுத்துக்கோங்க வெர்ன்."

"ஐயோ, எனக்கு வயிறு முட்டிடுச்சு. டீன் எடுக்கட்டும்."

"நான் கொண்டுவந்ததை நானே காலி பண்றதா? நல்லா இருக்கே!"

ஒன்பது பேர் கிண்ணத்துக்குள் குனிந்தபடி நின்றோம். என் முதுகுக்குப் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மார்லிஸ் டைமரைத் திருகியிருந்தார்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு. உபசாரப் பேச்சு தீர்ந்தது. கண்ணை வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் உள்ளேயே பார்த்தோம். சிப்ஸைச் சுற்றிலும் நீலம். அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு. மேலே வர வர வெளுத்து, விளிம்பில் ஏரி உறைவதற்கு முந்தின நாள் இருக்குமே, அந்த நிறம்.

"இந்த நீலத்தைப் பாத்தீங்களா?" என்றார் டீன். குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள போயிட்டே இருக்கு. யார் பண்ணினது இது?"

மார்லிஸ் டைமரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம் தாண்டியது. டீன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அடியை முழுதாகப் பார்க்க ஆசையோ, வெறும் பசியோ, ஊர் வழக்கத்தையும் மீறி அவருடைய விரல்கள் அந்தக் கடைசிச் சிப்ஸை நோக்கி மெல்ல இறங்கின.

புறங்கையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

"தொடாதீங்க" என்றார் மார்லிஸ். டைமரை டீனின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இன்னும் நாப்பது செகண்டு இருக்கு."