உப்புப் பேணிக்குள் இருந்த முகம்

அந்த ஸ்கேனரை நான் சிலாபத்தில், மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில் வாங்கினேன். ஒரு இறாத்தல் பாண் ரொட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. முன்னால் ஒரு வாய். நெகட்டிவை ஒரு சட்டத்தில் பொருத்தி அந்த வாயில் கொடுத்தால், உள்ளே இருக்கும் மோட்டார் அதை மெல்ல இழுத்து, வெளிச்சம் பாய்ச்சி, படத்தைக் கம்பியூட்டருக்கு அனுப்பும்.

"மல்லி, இது கிழட்டு மாடு," என்றார் ஸ்டூடியோக்காரர், தம்பியை மல்லியாக்கி, சிங்களம் தட்டும் தமிழில். "புதுக் கம்பியூட்டர் சொன்னா கேக்காது. பழசு இருக்குதா?"

"இருக்கு."

"படம் உள்ள இருக்கும்போது கரண்ட் போனா இழுக்க வேணாம். இழுத்தா உள்ளுக்குப் பல்லு உடையும், படமும் கிழியும். கரண்ட் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேணும்."

"வராட்டி?"

"வராட்டி ஒரு கல்யாணம் கட்டு. பிள்ளை பெறு. இரு."

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உடப்பில் கரைவலை இழுத்திருக்கிறேன், இறால் பண்ணையில் காவல் இருந்திருக்கிறேன், பாலாவியில் உப்பு லொறிக்கு மூட்டை ஏற்றியிருக்கிறேன். எந்த வேலையிலும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. கடைசியில் ஃபோன் திருத்தப் பழகி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரம் சுற்றினேன். போகிற வீடுகளில் அலுமாரியைத் திறந்து பழைய நெகட்டிவ்களைக் காட்டி, இதைப் படமாக்க ஏலுமா என்று கேட்டார்கள். அதனால்தான் ஸ்கேனரை வாங்கினேன்.

பாலாவிச் சந்தியில் நான் இருந்த அறையில் அது சரியாக ஓடவில்லை. லொறி போகும்போதெல்லாம் மேசை நடுங்கி, படத்தில் குறுக்குக் கோடு விழுந்தது. லொறி ஓடாத இடமாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கற்பிட்டி ரோட்டில், மன்னாரிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம்கள் இருக்கும் குடியிருப்பு ஒன்று. அங்கே எல்லாரும் ராத்தா என்று கூப்பிடும் ஒரு அக்காவின் மகளுக்கு ஃபோன் திருத்திக் கொடுத்தேன். ராத்தா கருவாடு போடுகிறவர். ஸ்கேனர் கதை வந்ததும் எழும்பி உள்ளே போய் ஒரு தகரப் பால்மாப் பேணியோடு வந்தார். பேணி நிறைய உப்பு. அதற்குள் விரலை விட்டு, கருவாட்டை உருவுகிற மாதிரி, ஒரு நெகட்டிவ் துண்டை உருவினார்.

"உப்புக்குள்ளயா வச்சீங்க?"

"உப்புல வச்சா எது தம்பி பழுதாகும்?"

மீனுக்கு அது சரி. ஆனால் உப்பு ஒவ்வொரு மாரி மழையிலும் ஈரத்தை இழுத்து இழுத்துப் படத்துக்குக் கொடுத்திருந்தது. சுற்றிவைத்த தாள் ஒரு முனையில் அதோடு ஒட்டிப் பிடித்துவிட்டது. ஓரமெல்லாம் பொரிந்திருந்தது.

அது அவருடைய கணவர். அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஒரே துண்டில் மூன்று. மன்னாரை விட்டு வெளிக்கிட்ட அன்று கைக்குழந்தையோடு ராத்தாவை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த வள்ளத்தில் வருகிறேன் என்றவர், வரவில்லை. வேறு படம் கிடையாது. மகளுக்கு வாப்பாவின் முகம் தெரியாது.

"இப்பிடிப் பழுதானதச் செஞ்சிருக்கீங்களா தம்பி?"

"ஓம்," என்றேன். பொய். அதுவரை செய்தது ஆறேழு படம், எல்லாம் நல்ல நிலையில் இருந்தவை.

தாளைப் பிரிக்க ஊறவைக்க வேண்டும். அங்கே கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிப் பேசினில் ஊற்றித் துண்டை விட்டேன். ராத்தா பக்கத்தில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் தாள் கழன்றது. அதோடு முதல் படத்திலிருந்து, மீனின் கருந்தோல் போல ஒன்று உரிந்து தண்ணீரில் மிதந்தது. படம் இருந்த பூச்சு அது.

"என்ன அது, ஊத்தையா?"

"ஓம், ஊத்தை," என்றேன்.

தண்ணீரைப் போய் வேலியோரம் ஊற்றினேன். துண்டை வெயிலில் போடலாமே என்று ராத்தா சொன்னார். சுருண்டுவிடும் என்று சொல்லி, தூசி படாமல், கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலைக்குள் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்டேன். அடுத்த நாள் பகல், ஸ்கேனரையும் பழைய கம்பியூட்டரையும் கொண்டுவந்து, லொறி அதிராத ராத்தா வீட்டு மேசையில் வைத்து, துண்டைச் சட்டத்தில் பொருத்தி வாயில் கொடுத்தேன். கர்ரென்று இழுத்தது. பாதி போயிருக்கும். கரண்ட் போய்விட்டது.

காற்றாடி நின்றது. ஸ்கேனர் நின்றது. சட்டம் பாதி உள்ளே, பாதி வெளியே, நாக்கு மாதிரி.

"இழுத்து எடுங்களன்," என்றார் ராத்தா.

"ஏலாது. கிழியும்."

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். நேரம் போனது. உள்ளே கொடுத்த துண்டு சரியாகக் காய்ந்திருந்ததா என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ஈரம் இருந்திருந்தால் இந்த வெக்கைக்கு அங்கேயே ஒட்டும். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குப் பயமா இரிக்கு," என்றார் ராத்தா திடீரென்று. "நான் ஒரு முகத்த மனசுல வச்சிருக்கன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தத் துண்ட எடுத்து ஜன்னல்ல பிடிச்சுப் பாப்பன். அது அவருட முகம் இல்லாட்டி?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "ராத்தா, நேத்து மிதந்தது ஊத்தை இல்ல. ஒரு படம் போச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்கேனரையே பார்த்தார்.

"எந்தப் படம்?"

"முதலாவது."

"கண்ண மூடினது," என்றார். "சிரிச்சிட்டாரு. ஸ்டூடியோக்காரன் ஏசினான்." பிறகு, "மத்த ரெண்டும்?"

"தெரியாது ராத்தா."

பின்னேரத் தொழுகைக்கு, அஸருக்கு, கொஞ்சம் முந்திக் கரண்ட் வந்தது. ஸ்கேனர் உள்ளுக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டு, சட்டத்தைத் தானே வெளியே தள்ளியது. துண்டு முழுசாக இருந்தது. மறுபடி கொடுத்தேன். இரண்டாவது படம் திரையில் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. கறுத்த அடர்ந்த முடி. நெற்றி. இரண்டு கண். இடது கன்னத்தில் உப்புத் தின்ற புள்ளிகள். மெல்லிய மீசை. முகம் தப்பிவிட்டது.

ராத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இது யாரு?"

வேறு யாருடைய துண்டாவது மாறிவிட்டதா என்று பார்த்தேன். மாறுவதற்கு இன்னொன்று அங்கே இல்லை.

"உங்கட துண்டுதான் ராத்தா."

"இது சின்னப்புள்ள. எண்ட மருமகன விட வயசு கொறஞ்ச புள்ள. அவருக்குத் தலையெல்லாம் வெள்ள."

மகள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். "உம்மா, நீங்க பாத்தது நெகட்டிவ்ல. அதுல கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும்."

ராத்தா கதிரையை இழுத்து அதில் இருந்தார். இத்தனை வருஷமும் ஜன்னலில் அவர் பார்த்தது வெள்ளை முடியும் இருண்ட முகமும் உள்ள ஒரு வயசாளியை. அங்கே விட்டுவந்தது இந்தப் பையனைத்தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. திரையைத் தொடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"முந்தி இருந்த மாதிரி ஆக்க ஏலுமா?"

ஒரு பட்டனை அமத்தினேன். முகம் கறுத்தது, முடி வெளுத்தது.

"ஓம்," என்றார். "இவருதான்."

மூன்றாவது படமும் தப்பியிருந்தது. இரண்டாவதைக் கறுத்த முடி, வெள்ளை முடி என்று இரண்டு மாதிரியும் மகளுடைய ஃபோனில் போட்டுக்கொடுத்தேன். சுவரில் மாட்ட எதைப் பெரிசாக்குவது என்று கேட்டேன். மகள் கறுத்த முடி என்றாள். ராத்தா தொழ எழும்பிப் போனார். நான் துண்டை ஒரு காய்ந்த கடித உறையில் போட்டு மேசையில் வைத்தேன்.

தொழுதுவிட்டு வந்தவர் உறையைக் கையில் எடுத்தார்.

"ரெண்டையும் பெரிசா அடிச்சுத் தாங்க தம்பி," என்றார். "கறுத்த முடிப் பொடியன மகள் வச்சிக்கொள்ளட்டும்."